மலையேறிய விளக்கு

எங்கள் வீட்டில் விளக்கு அணையாது, மலையேறும். எண்ணெய் தீர்ந்தாலும் காற்றடித்தாலும் "வெளக்கு மலையேறிடுச்சு" என்றுதான் அம்மா சொல்வாள். நாமாக நிறுத்தினால் அது மலையேற்றுவது. அந்த இன்னொரு சொல்லை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். சின்ன வயதில் நானும் தம்பியும் இதற்காகவே வாயில் அடி வாங்கியிருக்கிறோம்.

போர் வரப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த வாரத்தில், ராணுவத்தில் இருக்கும் தம்பி வடக்கு எல்லையிலிருந்து பேசினான். "நாளைக்கு மலையேறுறோம்மா. மேல டவர் கெடைக்காது. பேசலன்னா பயந்துக்காத" என்றான். அவனுக்கு அது வெறும் தகவல். அம்மா காதில் வேறாக விழுந்தது. ஃபோனை என்னிடம் நீட்டி, "வேற வார்த்தையே கெடைக்கலியாடி இந்தப் புள்ளைக்கு?" என்றாள். அன்று சாயங்காலம் சாமி படத்துக்கு முன்னால் ஒரு விளக்கை ஏற்றினாள். அவன் குரலை மறுபடி கேட்கும்வரை அது எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது வேண்டுதல்.

எனக்குச் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை, கேளம்பாக்கத்தில் வாடகை ஃபிளாட். லீவு போட்டுவிட்டு மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் குப்பத்துக்கு வந்து அம்மாவோடு இருந்தேன். எனக்குச் சாமி நம்பிக்கை அவ்வளவாகக் கிடையாது. அந்த இடத்தில் டிவி இருந்தது. கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்து, "அடிச்சு நொறுக்கணும்" என்று கத்துகிறவர்களைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் வீட்டுப் பிள்ளையா மலைமேல் நிற்கிறது? ஆனாலும் டிவியை நிறுத்த எனக்குக் கை வரவில்லை. அம்மா மீன் கூடையோடு கிளம்பும்போது, "எண்ணெ பாத்துக்கடி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவாள். வாய் கேலி பேசினாலும் நான் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் எல்லோருடைய ஃபோனுக்கும் ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. இன்று கரையோர ஊர்களில் ஒரு விளக்குகூட எரியக் கூடாது, வெளிச்சம் தெரிந்தால் குண்டு விழும் என்றது. யார் அனுப்பியது என்று யாரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தெருவே இருண்டுவிட்டது. எங்கள் வீட்டில் மட்டும் அந்தச் சுடர். உப்புக்காற்றில் இற்றுப்போன பின்கதவு கடலைப் பார்த்துத் திறந்தே கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு ஓடிவந்தாள்.

"யக்கா, வெளக்கு எரியுதுக்கா. கொயந்த கீதுக்கா."

அம்மா அசையவில்லை. படித்தவள், ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். "அணைச்சிடும்மா" என்று வாய் தவறி வந்துவிட்டது.

அம்மா என்னைப் பார்த்தாள். அதற்கு அடித்திருந்தால் தேவலை. தம்பியைப் பார்த்தே அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டதுபோல் எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அவள் குழந்தையையும் பார்த்தாள். பிறகு விளக்கின் முன் உட்கார்ந்து, சாமி படத்திலிருந்து ஒரு பூவை எடுத்தாள்.

"மலையேத்துறேன்டி. அவனும் மலையிலதான கீறான்? இங்க எரிஞ்சிகினு இன்னா பண்ணப் போவுது? அவன்கிட்டயே போவட்டும்."

பூவைத் திரியின்மேல் வைத்தாள்.

இருட்டில் கடல் இரைந்தது. குழந்தை சிணுங்கிக்கொண்டே தூங்கிப்போனது. சாமியை நம்பினேனா, தெரியாது. அந்த விளக்கு அவனிடம் போய்ச் சேர வேண்டும் என்று மட்டும் மனசார நினைத்தேன்.

மறுநாள்தான் தெரிந்தது, அது வேறெங்கோ வடக்கே ஒரு ஊருக்குப் போன செய்தியாம். எந்தப் புண்ணியவானோ ஊர்ப் பெயரை எடுத்துவிட்டுத் தமிழில் மாற்றி அனுப்பியிருக்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்தில் தெருவில் நின்று கத்தினேன்.

"வுடுடி, கொயந்த தூங்குது" என்றாள் அம்மா.

"அப்போ மறுபடி ஏத்தும்மா."

"அது போயிகினு கீது. பாதி வழியில கூப்புடக் கூடாது."

அதற்குப் பிறகு சாமி படத்துக்கு முன்னால் இருட்டாகவே இருந்தது. முடிந்துபோன காலத்தையும் மலையேறிப் போச்சு என்றுதானே சொல்கிறோம். அதை நினைத்து நினைத்துப் பயந்தேன். அம்மா ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தைரியமாக இருந்தாள், நான் அதே சொல்லைப் பிடித்துக்கொண்டு செத்துக்கொண்டிருந்தேன்.

சண்டை நின்றுவிட்டதாக டிவியில் சொன்ன பிறகும் அவன் ஃபோன் வரவில்லை. கடைசியில் வந்தபோது அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கை ஈரம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டு அவள் முன்னால் பிடித்தேன். சாப்பிட்டாயா என்றுகூட அவள் கேட்கவில்லை.

"மேல இருட்டாவா இருந்துச்சு?"

"ஆமாம்மா. ஒரு தீக்குச்சி கிழிக்க வுடல."

"வெளக்கு வந்துச்சா?"

நான் அவனிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. எந்த விளக்கு என்று கேட்டுவிடாதேடா என்று, நான், சாமியை வேண்டிக்கொண்டேன். அவனும் அதே கையால் வாயில் அடி வாங்கி வளர்ந்தவன்தான்.

"வந்துச்சும்மா" என்றான்.

அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடி உள்ளே போனாள். அங்கேயிருந்து அவள் அழுகிற சத்தம் கேட்டது. இத்தனை நாளில் அன்றைக்குத்தான் அழுதாள்.