வெல்டிங் கடை செல்லப்பாண்டியும் என் ஏலத்தோட்டத்துக் கரியும்

வெல்டிங் செல்லப்பாண்டி போய்விட்டான்.

நேற்று சாயங்காலம் கடையில் கேட் ஒன்றுக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறான்... ஆஸ்பத்திரி வாசலைக்கூடப் பார்க்கவில்லை.

இன்று மதியம் எடுத்தாச்சு. சுடுகாட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு, ஈரத்தலையோடு இதை எழுதுகிறேன். யாரும் போன் பண்ண வேண்டாம், எடுக்கிற நிலையில் நான் இல்லை.

போடியில் என்னைத் தெரியாத ஆள் கிடையாது. குரங்கணி மலைக்குப் போகிற ஜீப்பில் என் பேரைச் சொன்னால் முன்சீட்டைக் காலி பண்ணிக் கொடுப்பார்கள். எட்டாவதோடு நிறுத்தியவன்தான்... அதற்குமேல் என்னைத் தாங்கப் பள்ளிக்கூடத்துக்குத் தெம்பு இல்லை. ஆனால் என்னிடம் சந்தேகம் கேட்காத விவசாய ஆபீசர் இந்தப் பக்கம் வேலை பார்த்ததே இல்லை.

செல்லப்பாண்டி என்னை மாமா என்பான். சொந்தமில்லை, பழக்கம்தான்.

ஏதோ ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்தவன், பழைய தார் டிரம்களை வெட்டி, ஆள் இறங்கிக் குளிக்கிற அளவுக்கு ஓர் இரும்புச் சட்டி அடித்தான். ஐடியாவே என்னுடையது என்று அப்போது நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சரி... வாய் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும் என்று சொன்னது நான்தான்.

மக்காச்சோளத் தட்டை, இலவங்காய் ஓடு, காபியில் கவாத்து பண்ணிய குச்சி... நாம் வயலில் குவித்துக் கொளுத்துகிற எல்லாவற்றையும் அதில் போட்டு எரித்தான். மேலே சாம்பல் பூக்கப்போகிற நேரம் பார்த்துத் தண்ணீரை ஊற்றி அணைத்தான். உள்ளே அத்தனையும் கரி. உடைத்தால் கண்ணாடி உடைகிற சத்தம்.

"சும்மா கொளுத்துனா மொத்தமும் புகையா வானத்துக்குப் போயிரும் மாமா. கரியாக்கி மண்ணுல போட்டா பாதியாவது நம்ம காலடியிலயே கெடக்கும். தண்ணியையும் புடிச்சு வைக்கும். இப்பெல்லாம் மழை எப்ப ஏமாத்துதுன்னு யாருக்குத் தெரியுது?"

டீக்கடையில் சிரித்தார்கள். "ஏப்பா, வெல்டிங் ஓடலன்னு இஸ்திரிப் பெட்டிக்குக் கரி விக்கப் போறியா?"

"ஒனக்கு ஓசியாவே தர்றேண்ணே. ஒன் சட்டை இஸ்திரியப் பாத்து வருசமாச்சு போல!"

பேசிப் பேசியே பொட்டிபுரம், தேவாரம் பக்கம் கொஞ்சம் பேரை வழிக்குக் கொண்டுவந்துவிட்டான். அவர்கள் போட்ட கண்டிஷன் ஒன்றுதான். "ஒங்க மாமா தோட்டத்துல போட்டுக் காட்டு. அவரு நல்லாருக்குன்னு சொன்னா, நாங்க தட்டையக் கொளுத்தாம ஒன்கிட்டயே கொண்டாறோம்."

என் வாக்குக்கு அவ்வளவு மதிப்பு. மலைமேல் என் ஏலத்தோட்டத்தை எஸ்டேட் என்றுதான் சொல்வேன். ரெண்டு ஏக்கர்.

"மாமா, சாணிக் கரைசல்ல பதினஞ்சு நாள் ஊறப் போட்டுத்தான் கொண்டுபோகணும். காஞ்சதப் போட்றாதீக." முப்பது தடவை சொல்லியிருப்பான்.

ஊறிய கரி கல்லுக் கனம், ஜீப்பில் ரெண்டு லோடு ஆகும். காய்ந்த கரி ஒரே லோடு. ஈரத்தைச் சுமந்துகொண்டு மலையேற நான் என்ன கேனையனா? "மூளைய யூஸ் பண்ணணும் தம்பி" என்று ஜீப் டிரைவரிடம் பெருமை வேறு. காய்ந்த கரியையே கொண்டுபோய், சோதனைக்கு நூறு செடித் தூரில் அள்ளிப் போட்டேன்.

ஒரே மாதம். இலையெல்லாம் மஞ்சள்.

இறங்கி வந்து டீக்கடையில் உட்கார்ந்து, ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னேன். "அவன் கரியால என் எஸ்டேட்டே போச்சு!" நூறு தூர் பழுத்ததை ஆயிரம் தூர் என்றேன். என் வாய் உங்களுக்குத் தெரியாதா?

அதோடு சரி. ஒருத்தனும் ஒரு கட்டுத் தட்டைகூடக் கொண்டுவரவில்லை.

செல்லப்பாண்டி மட்டும் ஜீப் பிடித்து மேலே வந்தான். தூரைக் கிளறி, ஒரு துண்டை எடுத்து உடைத்து மோந்து பார்த்தான்.

"ஊறப் போடலயா மாமா?"

நான் மேகத்தைப் பார்த்தேன்.

"காஞ்ச கரி பசியோட இருக்கும் மாமா. மொதல்ல அதுக்கு நாம தீனி போடணும். இல்லாட்டி செடிக்கு உள்ளதத் தின்னுரும்."

அவ்வளவுதான். திட்டவில்லை. பால் இல்லாத கட்டஞ்சாயா ஒன்று போடச் சொல்லிக் குடித்துவிட்டு இறங்கிவிட்டான். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த கோடையில் பக்கத்துத் தோட்டமெல்லாம் வாடியபோது, கரி போட்ட அதே நூறு தூரும் தேறிப் பச்சையாக நின்றன. அதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

டீக்கடையில் அவனைக் கேலி பண்ணும்போதெல்லாம் நானும் அங்கேதான் பேப்பரை விரித்து வைத்து உட்கார்ந்திருப்பேன். என் பேரை ஒருநாளும் அவன் எடுக்கவில்லை... ஏன்டா எடுக்கவில்லை?

இன்று சுடுகாட்டில் தேவாரத்துக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். "நல்ல மனுசன்ணே. அந்தக் கரி விசயத்துலதான் ஊர ஏமாத்திப்புட்டான். என்னண்ணே?"

தலையாட்டிவிட்டேன்.

அவன் எரிந்துகொண்டிருக்கிறான்... நான் தலையாட்டுகிறேன். திரும்பி வருகிற வழியெல்லாம் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் தட்டையைக் கொளுத்தி விட்டிருக்கிறார்கள், ஒரே புகை. அந்தத் தீயில் பாதி நான் வைத்தது.

தேவாரத்து அண்ணே, நீங்களும் என் பிரண்ட் லிஸ்டில்தான் இருக்கிறீர்கள். படியுங்கள். செல்லப்பாண்டி யாரையும் ஏமாற்றவில்லை. அவன் சொன்னதைக் கேட்காமல் காய்ந்த கரியைப் போட்டது நான். ஊரெல்லாம் பொய் சொன்னதும் நான். நாளைக்கு அவன் வீட்டில் போய், அவன் பொண்டாட்டியிடமும் இதைச் சொல்லப் போகிறேன்.

நீ இருக்கையிலேயே டீக்கடையில் எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டியது மாப்ளே...

போ. நல்லபடியாகப் போ.