தண்ணீர் குறையாத வீடு

போன மாதம் மூன்று நாவல்களும் இரண்டு வாழ்க்கை நினைவு நூல்களும் வாசித்தேன். நாவல்களில் இரண்டு உப்புச் சப்பில்லாதவை. ஒன்றில் பெண்கள் எல்லோரும் ஜன்னலோரம் நின்று மழையைப் பார்க்கிறார்கள்; கொடியில் காயும் துணியை எடுக்க ஒருத்தியும் ஓடுவதில்லை. நினைவு நூல் எழுதிய இருவரும் பிறந்ததிலிருந்து ஒரு தவறும் செய்யாதவர்கள். இதையெல்லாம் வெளியே சொன்னால், எழுதியவர் மனம் நோகுமே என்கிறார்கள் நண்பர்கள். நோகட்டும். அத்தனை பக்கம் வாசித்த என் கண் நோகவில்லையா?

இந்தக் குணம் இன்று நேற்று வந்ததல்ல. பன்னிரண்டு வயதில் வந்தது.

அப்போது நாங்கள் கண்டியில் கடை வீதிக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா மாநகர சபையில் கிளாக்கர். அம்மா ஹந்தானை மலைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். லயம் என்றால் தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகள். அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருக்கிறதென்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. ஆனால் டவுனில் யாராவது அம்மாவின் ஊரைக் கேட்டால் 'நாவலப்பிட்டி டவுன்' என்றுதான் சொல்ல வேண்டும். அது அப்பா போட்ட சட்டம். தோட்டத்துக் கதையெல்லாம் குசினிக்குள், அடுப்படியில் மட்டும்தான். அங்கே அம்மா சொன்ன கதைகளில் பாதி தண்ணீரைப் பற்றியவை: மலைநீர் விழும் பீலியடியில் விடியுமுன் காத்து நிற்பது, இடுப்பில் குடத்தோடு வழுக்கும் படிகளில் ஏறுவது. வீட்டுக்குள் குழாய் இருந்தும் அம்மா ஒரு வாளியையும் வெறுமையாக வைத்ததில்லை.

எங்கள் தமிழ் டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். பள்ளிக்கூடத்துப் புத்தக அலுமாரியின் சாவியை என்னிடம் கொடுத்து வைத்திருந்தார். அந்தச் சாவியோடு நான் நடந்த நடையை நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. வெள்ளிக்கிழமை இலக்கிய மன்றத்தில், வாசித்த புத்தகங்களைப் பற்றிச் சொந்த அபிப்பிராயம் எழுதி வாசிக்க வேண்டும் என்றார். 'சொந்த' என்ற சொல்லின் கீழே கரும்பலகையில் கோடு வேறு போட்டார். நான் அந்தக் கோட்டை நம்பினேன்.

நான் எடுத்தவை இரண்டு. முதலாவது இந்தியாவிலிருந்து வந்த தடித்த நாவல். கதாநாயகி மாளிகையில் வீணை வாசித்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த வரியில் லயத்தில் கரைந்து போகிறாள். மூன்று தரம் திருப்பி வாசித்துப் பார்த்துவிட்டு எழுதினேன்: மாளிகையில் இருந்தவள் எந்த பஸ்ஸில் ஏறி லயத்துக்குப் போனாள் என்று ஆசிரியர் சொல்லவில்லை. அப்படியே போனாலும் கரைந்து போக அவள் என்ன உப்புக்கட்டியா? இந்த ஆசிரியர் லயத்தைக் கண்ணால் கண்டவர் அல்ல.

இரண்டாவது, ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர் எழுதிய தோட்ட நினைவுகள். அவரே அச்சடித்துப் பள்ளிக்கூடத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். தங்கள் தோட்டத்தில் தண்ணீருக்கு ஒரு நாளும் குறைவில்லை என்று அதில் இருந்தது. அது அம்மா பிறந்த தோட்டம். இது பச்சைப் பொய், அங்கே தண்ணீர் சுமந்து இடுப்புக் காய்த்துப்போன ஒருவரை எனக்குத் தெரியும் என்று எழுதினேன். அம்மா என்று எழுதவில்லை. அப்பாவின் சட்டத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குப் பெருமை.

வெள்ளிக்கிழமை சிறப்பு விருந்தினராக வந்து உட்கார்ந்திருந்தவர் அதே பெரிய கிளாக்கர். அவர் வருவது எனக்கு முன்கூட்டித் தெரியாது. தெரிந்திருந்தாலும் வாசித்திருப்பேன்.

நாவலைப் பற்றிய அபிப்பிராயத்துக்கு டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். டீச்சர் சிரித்ததால் பிள்ளைகளும் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு நான் செய்த பிழை என்னவென்றே தெரியாது. பெரிய கிளாக்கர் எழுந்து, லயம் என்பது தாளத்தோடு மனம் ஒன்றிப்போவது என்று விளக்கினார். தன்னுடைய புத்தகத்தின் முறை வந்தபோது அவர் சிரிக்கவில்லை. ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியாத பிள்ளைக்கு ஒரு தோட்டத்தைப் பற்றி என்ன தெரியும் என்று டீச்சரிடம் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, இடுப்புக் காய்த்துப்போன அந்த ஆள் யார் என்றார்.

“பேரைச் சொல்லும். இல்லாட்டி மன்னிப்புக் கேளும்” என்றார் டீச்சர்.

“ரெண்டும் முடியாது டீச்சர். சொந்த அபிப்பிராயம்னு நீங்கதானே கோடு போட்டீங்க.”

சாவி போயிற்று. திங்கட்கிழமை அம்மாவைக் கூட்டி வர வேண்டும், பெரிய கிளாக்கரும் வருவார், மன்னிப்பு எழுத்தில் வராவிட்டால் அலுமாரிப் பக்கமே தலைகாட்டக்கூடாது என்று உத்தரவு.

மன்னிப்புக் கடிதத்தை அப்பாவே எழுதினார். மாநகர சபைக் கடிதம் போல 'மிகத் தாழ்மையுடன்' என்று அது தொடங்கியது. கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அடி விழுந்தது. அப்போதும் போடவில்லை. அந்த ஆள் யாரென்று ஊர் தேடத் தொடங்கினால் என்ன ஆவது என்று அப்பா குசினியில் அம்மாவிடம் மெல்லிய குரலில் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், அம்மாவே கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று முடிவாயிற்று.

திங்கட்கிழமை அம்மா கல்யாண வீடுகளுக்குக் கட்டும் சேலையில் வந்தாள். பெரிய கிளாக்கர் எழுந்து நின்று “வாங்க, வாங்க” என்றார். மாநகர சபைக் கிளாக்கரின் மனைவி அல்லவா. டீச்சர் கதிரையை இழுத்துப் போட்டார். அம்மா உட்காரவில்லை. கடிதம் கைப்பைக்குள் இருந்தது. கையை உள்ளே விட்டாள். வெறுங்கையாக வெளியே எடுத்தாள்.

“புஸ்தகத்துல பொய் இல்லீங்க ஐயா” என்றாள். “ஒங்க வீட்டுல ஒரு நாளும் தண்ணி கொறஞ்சதில்ல. எம் மக வயசுல நான்தான் பீலியிலருந்து தூக்கியாந்து ஊத்துனேன். ஏழாம் நம்பர் லயம்.”

பெரிய கிளாக்கர் அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

“நீ அந்த லயத்துப் புள்ளையா?”

“ஆமாங்க. இவ எழுதுனது என்னையத்தான்.”

டீச்சர் மேசை லாச்சியைத் திறந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார். “இருங்கோ அம்மா” என்று மறுபடியும் கதிரையைக் காட்டினார். வீட்டில் வேலை இருக்கிறதென்று சொல்லி அம்மா புறப்பட்டுவிட்டாள்.

வாவிக்கரை வழியாகத் திரும்பி நடக்கும்போது எனக்குக் கோபம் தாங்கவில்லை. அவர் எழுதியது பொய் என்று சொன்னதை நான் அடி வாங்கியும் மாற்றவில்லை. அம்மாவோ எல்லார் முன்னாலும் பொய் இல்லை என்று சொல்லிவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். “வெரசா நட” என்றாள் அம்மா.

அன்றைக்கே என் அபிப்பிராயக் கொப்பியில் எழுதினேன்: 'அம்மா பெரிய கிளாக்கருக்குப் பயந்துவிட்டாள். நான் பயப்படவில்லை.' அந்த வாரம் முழுக்க அப்பா எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. மாலையில் தேத்தண்ணீர் குடிக்க வரும் பக்கத்து வீட்டு அக்கா வருவதை நிறுத்திக்கொண்டார். அம்மா வாளிகளை நிரப்பிக்கொண்டு, எப்போதையும்விடச் சத்தமாகப் பேசிக்கொண்டு திரிந்தாள். நான் இவற்றையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை. சாவி கிடைத்த சந்தோஷத்தில் அந்த வீணை நாவலை மறுபடியும் வாசித்தேன். லயத்துக்கு இன்னொரு அர்த்தம் தெரிந்த பிறகும் அது மோசமான நாவல்தான்.

அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. உள்ளே நுழையும்போது அம்மாவை 'வாங்க' என்றவர், ஏழாம் நம்பர் லயம் என்று கேட்டதும் 'நீ' என்றதை அன்றைக்கே கவனித்திருக்கிறேன். அதற்கும் சிவப்பு மையில் ஒரு குறிப்பு இருக்கிறது: 'பெரிய கிளாக்கர் பேச்சில் ஒருமை பன்மைப் பிழை. இவருக்குத் தமிழ் சரியாக வராது.'