போனுக்குள் ஓர் அக்கா

எனக்குப் பொறாமை. யார் மேல் என்று சொன்னால் சிரிப்பீர்கள் – போனுக்குள் இருக்கும் ஒரு கார்ட்டூன் அக்கா மேல்.

ஒன்பதாவது படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் ஆன்லைன் பாடம் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். பெண் பிள்ளைகள் போதைப் பக்கம் போகாமலிருக்க. ஞாயிறுதோறும் மாலை நாலு மணி, இருபது நிமிடம். அக்கா கேள்வி கேட்பாள். இவள் திரையைத் தொட்டுப் பதில் சொல்வாள். காதில் ஹெட்போன். அடுப்படிக்கு இவள் சிரிப்பு மட்டும் கேட்கும். என்னிடம் இப்படிச் சிரித்து எத்தனை நாளாகிறது?

போன ஞாயிறு நான்காவது பாடம். அம்மாவும் கூட உட்கார வேண்டுமாம். உட்கார்ந்தேன். யாராவது எதையாவது கொடுத்து, சாப்பிட்டுப் பார் என்றார்களா என்று கேட்டாள் அக்கா. 'இல்லை'யைத் தொட நான் விரலை நீட்டினேன்... அதற்குள் மகள் 'ஆமாம்' என்பதைத் தொட்டுவிட்டாள்.

டியூஷனில் ஒரு பெண். பரீட்சைக்குக் கண் விழிக்க மாத்திரை என்று நீட்டியிருக்கிறாள். இவள் வேண்டாம் என்று சொல்லியும் விடாமல், செஞ்சி பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்திருக்கிறாள். என்றைக்கு? அமாவாசை அன்று.

பதினெட்டு வருடமாக ஒரு நாள் விடாமல் டைரி எழுதுகிறவள் நான்; அதிலிருந்து எடுத்துப் பத்திரிகைக்கும் எழுதுவேன். அன்றைய பக்கத்தைப் புரட்டினேன். 'பாப்பா 6.45க்கு வந்தாள். முப்பத்தைந்து நிமிடம் தாமதம். பஸ்ஸில் மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டம்.' நிமிடம் சரி. காரணம்? நானே எழுதிக்கொண்டது. அவளைக் கேட்கவே இல்லை.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நோட்டுல எழுதுவ. அப்பறம் பேப்பர்ல வரும், ஊரே படிக்கும். அந்தக்கா இன்னா, எழுதியா வைக்குது?"

வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வது எப்படி – அது இரண்டாவது பாடத்திலேயே வந்துவிட்டதாம். அதிலும் அந்த அக்கா என்னை முந்திக்கொண்டாள்.

டைரியை மூடினேன். இப்போது சொல் என்றேன். பேனாவும் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தாள். ஹெட்போன் இல்லாமல், ஐம்பது நிமிடம். மறுநாள் அந்தப் பெண்ணின் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். சண்டைக்கு அல்ல. அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இதை அனுப்புமுன் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். நாலு வரியை அடித்துவிட்டு, போடலாம் என்றாள். அந்த நாலு வரி உங்களுக்குத் தெரியாது. முக்கியமாக, அந்த அக்காவுக்கும் தெரியாது.