மூடி சாத்திய லேப்டாப்

செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். கடையைப் பூட்டுமுன் கம்ப்யூட்டர்களை முழுதாக ஷட் டவுன் செய்து, சுவர் ஸ்விட்சையும் அணைத்துவிடுவேன். என் தம்பி அதற்கு நேர்மாறு. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு, மனைவி, குழந்தை, அம்மாவோடு இருந்த சிங்கவரத்து வீட்டிலிருந்தே வேலை செய்தான். வேலை முடிந்தால் லேப்டாப்பின் மூடியைச் சாத்திவிட்டு எழுந்துவிடுவான். கேட்டால், காலையில் அத்தனை ஃபைலையும் மறுபடி யார் திறப்பது அக்கா என்பான்.

ஒரு நாள் மதியம் அப்படித்தான் சாத்திவிட்டு, பெட்ரோல் போடத் திண்டிவனம் சாலைக்குப் போனான். லாரி மோதியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. யாருடைய ஆதார் அட்டையையோ நகல் எடுத்துக்கொண்டிருந்தபோது எனக்குப் போன் வந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினாள். தன்மையாகத்தான் பேசினாள். வருத்தம் சொல்லிவிட்டு, லேப்டாப்பை ஷட் டவுன் செய்து கூரியரில் அனுப்ப வேண்டும் என்றாள். அதை வாங்கிவரச் சிங்கவரம் போனேன்.

தம்பி மனைவி அதைச் சார்ஜரோடு பீரோவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். நான் பவர் பட்டனில் கை வைத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்திடாதீங்க அண்ணி. அவரு எப்டி வுட்டுட்டுப் போனாரோ அப்டியேதான் இருக்குது."

அவன் சொல்லி வைத்திருந்த பாஸ்வேர்டைப் போட்டுக் காட்டினாள். ஏதோ கணக்கு ஷீட் ஒன்று. தண்ணீர் மோட்டார் விலை பார்த்த பக்கங்கள். நடுவில் நிறுத்திய ஒரு காமெடி வீடியோ. எல்லாவற்றுக்கும் மேலே மேனேஜருக்கு ஆங்கிலத்தில் பாதி எழுதிய மெயில். வெள்ளிக்கிழமை அம்மாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டியிருப்பதால் என்பதோடு நின்றிருந்தது. அதற்கப்புறம் சின்னக் கோடு ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது.

ஊரில் கரண்ட் அடிக்கடி போகும். பேட்டரி தீர்ந்தால் எல்லாம் போய்விடும் என்று பயந்து, இத்தனை நாளும் அவள் சார்ஜரைச் செருகிச் செருகிக் காவல் காத்திருக்கிறாள். மூடியைச் சாத்தினால் அது தூங்கத்தான் செய்யும், தூக்கத்திலும் சார்ஜ் குறையும் என்று சொன்னேன். ஹைபர்னேட் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்துப் போட்டுக் கொடுத்தேன். திறந்திருப்பதையெல்லாம் அது உள்ளே எழுதி வைத்துக்கொள்ளும், பிறகு கரண்டே வேண்டாம் என்று விளக்கினேன். லேப்டாப்பின் விளக்கு அணைந்ததும் அவள் பதறிப்போனாள். மறுபடி போட்டுக் காட்டிய பிறகுதான் நம்பினாள். மோட்டார், வீடியோ, மெயில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அன்றைக்கு அவள் நன்றாகத் தூங்கினாள் என்று அம்மா பிறகு சொன்னாள்.

கம்பெனிக்கு ஏதேதோ காரணம் சொல்லித் தள்ளிப்போட்டேன். அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள். இனி அனுப்பாவிட்டால், அடுத்து நெட்டில் சேரும்போது அங்கிருந்தே எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள் என்றாள். இதில் தன் கையில் ஒன்றுமில்லை என்றாள்.

இதைச் சொன்னதும் தம்பி மனைவி அழவில்லை. யாரோ எங்கிருந்தோ அழிப்பதற்கு நாமே நிறுத்திவிடலாம் என்றாள். அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்தாள். அம்மாவுக்குத் திரை வெறும் வெளிச்சமாகத்தான் தெரியும். "அவன் இன்னா எழுதியிருக்கிறான்னு படிச்சிக் காட்டு," என்றாள். மெயிலில் இருந்ததை அதுவரை அம்மாவிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. மருமகள் தமிழில் சொன்னாள்.

"எனுக்குக் கண்ணு தெரிஞ்சி இனிமே இன்னா ஆவப்போவுது," என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்து சமையலறைப் பக்கம் போய்விட்டாள்.

தம்பி மனைவி ஷட் டவுனை அழுத்தினாள். உடனே அணையவில்லை. சேமிக்காதவை திறந்திருக்கின்றன, இருந்தாலும் நிறுத்தவா என்று கேட்டது. அவள் என்னைப் பார்த்தாள். சேமித்தால் மட்டும் யாருக்கு ஆகப்போகிறது? தலையை ஆட்டினேனா என்றுகூட இப்போது நினைவில்லை. அவளே அழுத்தினாள். லேப்டாப்புக்குள் ஓடிக்கொண்டிருந்த விசிறிச் சத்தம் நின்றது.

பேருந்தில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சூடு ஆறவில்லை. கூரியர் கடையில் உள்ளே என்ன என்று கேட்டார்கள். லேப்டாப், ஆஃப் செய்தது என்றேன்.

போய்ச் சேர்ந்ததும் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. பொருள் நல்ல நிலையில் கிடைத்தது, நன்றி என்று இருந்தது. அதைத் தம்பி மனைவிக்கு நான் அனுப்பவில்லை.

அவள் இப்போது குழந்தையோடு வல்லத்தில் தாய் வீட்டில் இருக்கிறாள். போனில் பேசினால் குழந்தைக்குச் சளி, பள்ளிக்கூடம் என்று பேசிக்கொள்கிறோம். அம்மா என்னோடு இருக்கிறாள். கண் ஆபரேஷனுக்குக் கூப்பிட்டால் வர மறுக்கிறாள். வலது கண்ணில் இப்போது வெளிச்சமும் தெரிவதில்லை.