என் பேரைச் சொல்லிவிடாதீர்கள்

திங்கட்கிழமை ஒன்றுக்குச் சராசரியாக நாற்பது பேர் பாஸ்வேர்டை மறக்கிறார்கள். அந்த நாற்பது பேரும் மறக்காமல் வைத்திருப்பது அவளுடைய இன்டர்காம் எண்ணை மட்டும்தான்.

அது ஒரு பார்சல் நிறுவனம். கீழே கிடங்கு, மேலே கணக்குப் பிரிவு. இரண்டுக்கும் நடுவே, மாடிப்படிக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஓர் அறை. அங்கே ஏசி வைத்தது சர்வர்களுக்காக, ஆளுக்காக அல்ல. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் அவள் உள்ளே சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். லேபிள் பிரின்டரில் ஸ்டிக்கர் சுற்றிக்கொண்டால் துணியும் ஸ்பிரிட்டும் எடுத்துக்கொண்டு போய் உருளையைத் துடைப்பது அவள். ஸ்கேனர் படிக்கவில்லை என்றால் அதன் கண்ணாடியில் யாரோ ஒட்டிவிட்டுப் போன டேப்பை உரிப்பதும் அவள். ஒருமுறை டீ இயந்திரம் நின்றுபோனதற்கும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். அதிலும் பட்டன் இருக்கிறதே.

கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்குவார்கள். "மேடம், ஒரு சின்ன சந்தேகம்." பதினெட்டு வருட சர்வீஸில் சின்னதாக இருந்த ஒரு சந்தேகத்தையும் அவள் பார்த்ததில்லை.

வீட்டிலும் விடுதலை கிடையாது. நாத்தனார் வீட்டுக்கு விருந்துக்குப் போனால் மற்றவர்கள் சோஃபாவில் இருப்பார்கள், அவள் டிவிக்குப் பின்னால் இருப்பாள். "அண்ணி, நீங்க வந்தாத்தான் இந்த வீட்ல வைஃபை வேலை செய்யுது" என்று நாத்தனார் வாயாரப் புகழ்வாள். தட்டு அங்கேயே வந்துவிடும். தரையில் உட்கார்ந்து, ஒரு கையில் கேபிளும் ஒரு கையில் தட்டுமாகச் சாப்பிட்டுப் பழகிவிட்டது.

ஒரு காலத்தில் அவளுக்குப் புகைப்படம் எடுக்கிற ஆசை இருந்தது. நல்ல கேமரா ஒன்று வாங்கி, படம் எடுப்பவர்களின் இணையக் குழு ஒன்றிலும் சேர்ந்தாள். அறிமுகப் பதிவில், கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கிறேன் என்று வெகுளித்தனமாக எழுதிவைத்தாள். அவ்வளவுதான். முதலில் ஒருவருக்குப் படம் ஏறவில்லை. பிறகு ஒருவரின் கணக்கு பூட்டிக்கொண்டது. அதன்பின் விளம்பரக்காரர்களை விரட்டும் பொறுப்பு வந்தது. கடைசியில் யார் படத்தை யார் திருடினார் என்ற பஞ்சாயத்துக்கு நடுவராகவும் ஆனாள். அந்த வருடம் அவள் எடுத்த படங்கள், குழுவின் கோளாறுகளைக் காட்ட எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகள் மட்டுமே. கேமரா அலமாரிக்குப் போனது. போனது போனதுதான்.

அதற்குப் பிறகு பிடித்துக்கொண்டதுதான் கள்ளிச்செடி.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு தட்டு நிறையத் தொட்டிகள் வைத்திருந்தாள். கள்ளி எதுவும் கேட்காது. மூன்று வாரம் தண்ணீர் ஊற்றாவிட்டாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாது. ஊற்றினால்தான் கோபித்துக்கொண்டு அழுகும். கணவனுக்கு இது நல்ல வேடிக்கை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க ஊசி பிடிக்கிற மனிதர் அவர். "நான் பகல் பூரா குத்திட்டு வரேன், நீ குத்து வாங்கிட்டு வரே, நல்ல ஜோடி" என்பார்.

கள்ளி வளர்ப்பவர்களுக்கும் ஒரு தளம் இருந்தது. பழைய காலத்துத் தளம். மங்கிய பச்சைப் பின்னணி, பொடி எழுத்து. நடத்தியவர் ஒரு தையற்காரர், கோட்டு தைப்பதில் கெட்டிக்காரர். தளத்தைக் கட்டிக்கொடுத்தது அவருடைய மருமகன். அந்த மருமகன் இப்போது மருமகன் இல்லை என்பதால் கட்டிய நாளில் இருந்தபடியே தளம் நின்றுகொண்டிருந்தது. அவளுக்கு அதுவே பிடித்திருந்தது. இந்த முறை அறிமுகத்தில் ஒன்றும் எழுதவில்லை. "மொட்டைமாடி" என்று ஒரு புனைபெயர், மாதம் ஒரு படம், ஒரு வரி. அவளை ஓய்வு பெற்ற டீச்சர் என்று யாரோ ஒருவர் எண்ணிக்கொண்டு, "டீச்சர் செடி நல்லாத் தேறிடுச்சே" என்று எழுதினார். அவள் திருத்தவில்லை. ஆறு வருடமாக, மதிய உணவு நேரத்தில், சால்வைக்குள் போனை வைத்துக்கொண்டு, யாருக்கும் எதையும் சரிசெய்து கொடுக்காமல் அவள் இருந்த ஒரே இடம் அது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் தையற்காரரின் பதிவு மேலே நின்றது. தளத்தை வைத்திருக்கும் நிறுவனம் பழைய இயந்திரத்தை மாதக் கடைசியோடு நிறுத்தப்போகிறதாம். அதற்குள் எல்லாவற்றையும் புதிய இடத்துக்கு மாற்றவில்லையென்றால் இதுவரை எழுதியதும் படங்களும் போய்விடுமாம். "எனக்குக் காஜா எடுக்கத் தெரியும், இது தெரியாது. கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் உதவுங்கள்" என்று முடித்திருந்தார்.

அவள் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள்.

வேர் அழுகல் என்று ஒரு வரி எழுதினால் அரை மணியில் முப்பது பதில் வருகிற குழு அது. இதற்கு வந்தவை: "ஐயோ." "மனசு கஷ்டமா இருக்கு." அழுகிற முகங்கள் சில. வேறொன்றும் இல்லை.

அவளுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். இங்கே கம்ப்யூட்டர் ஆட்கள் இருக்கிறார்கள். எழுத்திலேயே வாடை வந்துவிடும். "இரண்டாவது ஜன்னல்" என்ற பெயரில் ஒருவர் உண்டு. யாருக்காவது செடி வாடினால், "மண்ணையும் இடத்தையும் ஒரே சமயத்தில் மாற்றினீர்களா? ஒன்றை மட்டும் பழையபடி வைத்துப் பாருங்கள்" என்பார். தோட்டக்காரன் அப்படிக் கேட்கமாட்டான். வருடக்கணக்கில் கோளாறு தேடி நொந்துபோன ஒருவன்தான் கேட்பான். "ஈரம் வேண்டாம்" என்பவர் எல்லாத் தொட்டிக்கும் எண் ஒட்டியிருந்தார், அதுவும் கம்ப்யூட்டர்காரர்கள் எண்ணுவதுபோல் பூஜ்யத்திலிருந்து. இன்னும் ஒன்றிரண்டு பேர்மீதும் சந்தேகம் இருந்தது. எல்லோருமே டீச்சர் வேஷம் போட்டுக்கொண்டு, வேறு யாராவது கையைத் தூக்கட்டும் என்று காத்திருந்தார்கள். அவளைப் போலவே.

மாலையில் கணவனிடம் சொன்னாள். அவர் சட்டையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"உனக்குத் தெரிஞ்ச வேலைதானே. செஞ்சு குடுத்துட்டுப் போயேன்."

"இன்னைக்குச் செஞ்சு குடுப்பேன். நாளைக்கு?"

"நாளைக்கு என்ன?"

"நாளைக்கு ஒரு சின்ன சந்தேகம்னு வருவாங்க."

அவர் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "சரி, செய்யலைன்னா?"

செய்யாவிட்டால் அந்த இடமே இருக்காது. செய்தால் இடம் இருக்கும், ஆனால் அது இன்னொரு ஆபீஸாக ஆகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் அவள் மூன்று நாள் மாட்டிக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு வழி தோன்றியது. தையற்காரருக்குத் தனிச்செய்தி எழுதினாள். எதை முதலில் நகலெடுப்பது, எதை எங்கே வைப்பது, எந்த இடத்தில் எதைத் தட்டுவது என்று குழந்தைக்கும் விளங்கும்படி வரிசையாக எழுதினாள். முதல் வரியாக இதைச் சேர்த்தாள்: தயவுசெய்து என் பேரைச் சொல்லிவிடாதீர்கள்.

பதில் உடனே வந்தது, பேசலாமா என்று. அவள் யோசித்து யோசித்து எண்ணைக் கொடுத்தாள். பின்னணியில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு அவர் பேசினார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. இதோட நாலாவது ஆள் நீங்க."

"நாலாவதா?"

"நாலு பேரும் இதே மாதிரிதாம்மா. எம் பேரைச் சொல்லாதீங்கன்னுதான் ஆரம்பிக்கிறீங்க. என்னமோ கடத்தல் பண்ற மாதிரி."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. ஆனால் அடுத்து அவர் சொன்னதைக் கேட்டு இரண்டும் போய்விட்டன. முதல் ஆள் எழுதியது அழகாகத்தான் இருந்ததாம். அதன்படி பாதி செய்தாராம். இரண்டாவது ஆள் எழுதியது அதைவிட எளிதாகத் தெரிந்ததாம். மீதியை அதன்படி செய்தாராம். முதல் ஆள், படங்களைப் புதிய இடத்துக்கு ஏற்றிவிட்டுப் பழையதை அழிக்கச் சொல்லியிருந்தார். இரண்டாவது ஆள், படங்களைத் தொடவே வேண்டாம், எழுத்தை மட்டும் ஏற்றுங்கள் என்றிருந்தார். இவர் எழுத்தை மட்டும் ஏற்றிவிட்டு, பழைய படங்களை அழித்துவிட்டார்.

"ஒருத்தர் அளவெடுத்து இன்னொருத்தர் வெட்டின சட்டை மாதிரி ஆயிடுச்சும்மா. கழுத்து இருக்கு, கை இல்ல. ஒரு படத்தையும் காணோம்."

அவள் குரல் தானாகவே ஆபீஸ் குரலாக மாறியது. "சார், இனிமே எதையும் தொடாதீங்க. அந்தக் கம்ப்யூட்டரை அணைக்கக்கூட வேண்டாம். மத்த மூணு பேருக்கும் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை மதியம் எல்லாரும் ஒரே லைன்ல வரணும்னு."

"அவங்க வரமாட்டேன்னா?"

"படம் போயிடுச்சுன்னு சொல்லுங்க. வருவாங்க."

வந்தார்கள். ஞாயிறு மதியம் அவள் மாடியில், தொட்டியின் நிழலில், மடிக்கணினியை ஒரு கவிழ்த்த வாளிமேல் வைத்து உட்கார்ந்தாள். திரையில் ஐந்து கறுப்புக் கட்டங்கள். யாருடைய முகமும் இல்லை. தையற்காரர் மட்டும் எல்லோருக்கும் வணக்கம் சொல்லி வரவேற்றார். யாரோ ஒருவர் வீட்டில் குக்கர் சத்தம் கேட்டு, உடனே அடங்கியது.

கடைசியில் ஓர் ஆண் குரல், தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டது. "இரண்டாவது ஜன்னல்னு எழுதுறது நான்தான். பாங்க்ல டேட்டாபேஸ் பாக்குறேன். அந்தச் சுலபமான வழி என்னோடது."

"அழிக்கச் சொன்னது நான்." இது ஒரு பெண். ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவள். "ஈரம் வேண்டாம்" இவள்தான். "சரிபார்த்துட்டுத்தான் அழிக்கணும்னு எழுதியிருந்தேன்."

"எழுதியிருந்தீங்க. யாரு கடைசி வரி வரைக்கும் படிக்கிறாங்க?" என்றது மூன்றாவது குரல். அவர் போன் கம்பெனி நெட்வொர்க்காரர், குரலிலேயே தூக்கக் கலக்கம்.

யாரும் சண்டை போடவில்லை. சண்டை போடவும் தெம்பு வேண்டும். எல்லோரும் வாரம் முழுக்க அடுத்தவர் கோளாறைத் துடைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் வந்து உட்கார்ந்தவர்கள். படங்களை எப்படி மீட்பது என்று ஒவ்வொருவரும் ஒரு வழி சொன்னார்கள். ஒன்றும் தேறவில்லை. நிறுவனத்தில் நகல் வைக்கவில்லை என்று பாங்க்காரர் ஏற்கெனவே விசாரித்துவிட்டிருந்தார்.

அவள் கொஞ்ச நேரம் தன் தொட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மைக்கைத் திறந்தாள்.

"என்கிட்ட போன ஜூன் வரைக்கும் இருக்கு. மொத்தமும்."

"மொத்தமும்னா?" என்றாள் ஆஸ்பத்திரிக்காரி.

"முழு தளமும். வருஷத்துக்கு ஒரு தடவை இறக்கி வெச்சுக்குவேன். இந்த மாதிரி பழைய தளமெல்லாம் எப்ப வேணா போயிடும்னு..."

"நான் ஒரு வருஷமா, மூணு மாசத்துக்கு ஒரு தடவை, புதுசா வந்ததை மட்டும் இறக்குவேன்" என்றார் பாங்க்காரர், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல.

"நான் வாராவாரம்" என்றார் நெட்வொர்க்காரர். "அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கும். ஆனா படத்தைச் சின்னதாக்கித்தான் வெச்சிருக்கேன். இடம் பத்தல."

ஆஸ்பத்திரிக்காரி தன் நகலைப் பற்றிச் சொல்லவில்லை. தேடுகிறேன் என்று மட்டும் சொன்னாள். பத்து நிமிடத்தில் அனுப்பினாள். வருடக்கணக்கில் "இந்தத் தளம் நன்றாக இருக்கிறது" என்று ஒரு வரிகூட எழுதாமல் வந்துபோய்க்கொண்டிருந்த நான்கு பேர், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், அந்த மங்கிய பச்சைத் தளத்தை வீட்டில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள்.

மற்றதெல்லாம் வேலை. அவளுடைய நகலில் ஜூன் வரை, பாங்க்காரருடையதில் அதற்கப்புறம், கடைசிச் சில வாரங்களுக்கு நெட்வொர்க்காரரின் சின்னப் படங்கள், விட்டுப்போனவற்றுக்கு ஆஸ்பத்திரிக்காரியின் நகல். வெயில் தொட்டியைத் தாண்டி அவள் கால்வரை வந்து, சுவரேறிப் போனது. கணவன் இரண்டு முறை டீ கொண்டுவந்து வைத்தார். இரண்டாவது முறை, "பாவம், உன் கள்ளி தண்ணி கேட்டா நான் என்ன சொல்றது?" என்று கேட்டுவிட்டுப் போனார். பொழுது சாய்கையில் தளம் திறந்தது. படங்கள் இருந்தன. அவளுடைய முதல் படம், விரல் உயரத்தில் நின்ற ஒரு செடி, அதுவும் இருந்தது.

நாளைக்கே எல்லோருக்கும் நன்றி சொல்லி ஒரு பதிவு போடுகிறேன் என்றார் தையற்காரர். நான்கு பேரும் ஒரே மூச்சில் வேண்டாம் என்றார்கள். கம்பெனியே சரிசெய்து கொடுத்தது என்று எழுதச் சொன்னார்கள். அவர் அரைமனதாக ஒப்புக்கொண்டார்.

"அப்ப இனிமே இதை யாரு பாத்துக்குவா?" என்று கேட்டார் அவர்.

நான்கு கட்டங்களும் மைக்கை மூடிக்கொண்டன. அந்த மௌனம் அவளுக்குத் தெரிந்த மௌனம். அது கலையட்டும் என்று இன்னொரு முறை காத்துக்கொண்டு உட்கார அவளுக்குப் பொறுமை இல்லை.

"மாசத்துக்கு ஒருத்தர். மாத்தி மாத்தி. வெளியில யாருக்கும் தெரியக்கூடாது. யாராவது ஒருத்தர் பேரு வெளிய வந்தா மத்த மூணு பேரும் கழண்டுக்கலாம்."

"சரி" என்றன மூன்று குரல்கள், ஒன்றன்பின் ஒன்றாக. சந்தோஷமாக அல்ல.

"ரொம்ப நன்றிம்மா. அப்புறம்..." தையற்காரர் கொஞ்சம் தயங்கினார். "ஒரு சின்ன சந்தேகம். வீட்டுக்காரி போன்ல இடமே இல்லன்னு வருது, அது..."

நெட்வொர்க்காரருக்குத் திடீரென்று லைன் கட்டானது. பாங்க்காரரை யாரோ வாசலில் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரிக்காரியின் கட்டம் சத்தமில்லாமல் மறைந்தது.

அவள் வாளிமேல் இருந்த மடிக்கணினியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "செட்டிங்ஸ்னு ஒண்ணு இருக்கும் பாருங்க சார்" என்று ஆரம்பித்தாள்.

முதல் மாதம் அவளுடையது. வருகிற புதன்கிழமை தொடங்குகிறது.