சவுக்குத் தோப்புக்குப் பின்னால் ஒரு காற்றாடி

முட்டுக்காட்டுப் பாலத்தைத் தாண்டிய பிறகும் காதுக்குள் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணங்களுக்கும் படப்பிடிப்புகளுக்கும் டீசல் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவரிடம் ஒரு கோடை முழுக்க வேலை பார்த்தேன். டீசல் ஊற்றுவது, அதன் பக்கத்திலேயே படுத்துக்கொள்வது. இடது காது மந்தமாகிவிட்டது. சொல்லாமல் கிளம்பிவிட்டேன். அதற்கு முன்பு வடக்கே ஓர் அனல்மின் நிலையத்தின் சாம்பல் லாரியில் இருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி அது. எட்டாவதோடு படிப்பை விட்டவனுக்கு மின்சாரம் எப்படியோ சோறு போட்டது.

மாமல்லபுரம் வரை ஒரு மணல் லாரியில் வந்து, அங்கிருந்து தெற்கே கால்வாய்க் கரையோடு நடந்தேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கடலுக்கும் எனக்கும் நடுவே சவுக்குத் தோப்பு. அதன் உச்சியில் காற்று இன்னொரு கடல்போல இரைந்தது. கீழே என் சட்டை நுனிகூட அசையவில்லை. தோப்புக்கு இந்தப் பக்கம் ஒரு கீற்றுக் கொட்டகை. அதன் பக்கத்தில் இரும்புக் குழாய்மேல் தகர வால் வைத்த காற்றாடி ஒன்று, தூங்கும் கொக்குபோல, சுற்றாமல் நின்றது.

கொட்டகையில் மீன் பொரித்து விற்றவர் முன்பு படகில் மீன் பிடிக்கப் போனவர்.

“இன்னா மச்சான், துன்றதுக்கா, வேலைக்கா?”

“ரெண்டுக்கும்.”

“ரெண்டுமே இந்த இருட்டுல கஷ்டம்.”

கொட்டகை இருந்தது புறம்போக்கு நிலம் என்பதால் மின் இணைப்பு தரவில்லை. படகு இன்ஜினை விற்று, பாண்டிச்சேரிப் பக்கம் ஒருவரிடம் பழைய காற்றாடியை வாங்கியிருந்தார். இரண்டு வருஷம் அது பேட்டரியை நிரப்பியது, விளக்கு எரிந்தது, வியாபாரம் நடந்தது. பிறகு தோப்பு வளர்ந்து காற்றை மறித்துவிட்டது. தோப்பு அவருடைய தங்கையுடையது.

அடுப்புக்குச் சவுக்குச் சருகு கொண்டுவந்த தங்கையிடம் அவர் ஆரம்பித்தார். “இத்த வெட்டிடும்மா. வெறவுக்குப் போட்டாகூட உனுக்கு துட்டு வரும்.”

“வெறவுக்கா? இன்னும் ஒரு வருஷம் வுட்டா சாரங்கட்ட கம்பாப் போவும். உன் காத்தாடிக்கோசரம் இப்பவே மொட்டையடிக்கணுமா?”

“ஒருத்தனும் வரமாட்றான். இருட்டுல மீனு முள்ளு தெரியலன்றான்.”

“கன்னு நட்டப்போ கொடங்கொடமா தண்ணி தூக்கியாந்து ஊத்தினது யாரு அண்ணாத்த? நீதான? அப்ப தெரியலயா?”

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “அப்ப அது என் முட்டி ஒசரங்கூட இல்லியே.” பிறகு, என் பழைய வேலைகளை ஏற்கெனவே கேட்டுவைத்திருந்தவர், என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு. நீதான் கரண்டுலயே குப்ப கொட்டிகினு வந்தவனாச்சே.”

தோப்பின் ஓரம்வரை போய் நின்றேன். தெற்கே வெகுதூரத்தில் அணுமின் நிலையத்தின் விளக்குகள், நங்கூரம் போட்ட கப்பல்போல மங்கலாகத் தெரிந்தன. நான் பார்த்த இயந்திரங்கள் எல்லாம் எதையோ தின்றுதான் வெளிச்சம் தந்தன. நிலக்கரி தின்றது சாம்பலை விட்டது. அதைக் கொட்ட ஏரி அகலத்துக்குப் பள்ளம், நிரம்பினால் இன்னொரு பள்ளம். டீசல் குடித்தது குடித்ததையெல்லாம் புகையாக்கியது. அந்தத் தூரத்து விளக்குகளுக்குப் புகை கிடையாது. கொஞ்சம் தின்று நிறையத் தருமாம்; ஆனால் மிச்சம் வைப்பதைப் பேரன் காலத்துக்கும் பிறகு யாராவது காவல் காக்க வேண்டுமாம். காற்றாடி எதையுமே தின்பதில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது தன் எதிரே ஒன்றும் வளரக் கூடாது என்கிறது.

திரும்பி வந்து சொன்னேன். “காத்தாடி ஒரு வருஷம் சும்மா நின்னா மறுபடி சுத்தும். மரத்த இப்ப வெட்டினா வெறவுதான்.”

“உப்புக் காத்துல துரு புடிச்சுப் பூடும்யா.”

“கிரீஸு போடு,” என்றாள் தங்கை. “தோப்பு இல்லன்னா மணலு பறந்தாந்து உன் மீனு சட்டியில குந்தும். வெட்றப்போ நல்ல ஒசரமான கம்பா தரேன். சாரங்கட்டி காத்தாடிய மேல ஏத்திக்கோ. நான் திரும்பவும் கன்னு நடுவேன், ஆமா.”

“அதுவரைக்கும் வெளக்கு?”

“டவுன்ல சார்ஜு போட்டுகினு வா.”

“கடைய யாரு பாத்துப்பா? நீயா?”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவர் தந்த மீனை இருட்டில் தடவித் தடவி முள்ளெடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை இரண்டு பேட்டரிகளைக் கோணியில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டினேன். ஆசிட் தளும்பிவிடாமல் இருக்க மாமல்லபுரம் வரை தள்ளிக்கொண்டே போனேன். பேட்டரிக் கடைக்காரர் கம்பிகளை மாட்டினார்.

“இது எங்கேருந்து வர்ற கரண்டு?” என்று கேட்டேன். நிலக்கரியா, அணுவா என்று தெரிந்துகொள்ள ஆசை.

“போஸ்ட்லேருந்துதான். வேற எங்கேருந்து?” என்றவர், சாயங்காலம் வந்து எடுத்துப்போகச் சொன்னார்.