துவக்கில் மான் கீறிய செல்லத்துரை அண்ணை

அன்றைக்கு எங்கள் நாரந்தனை வீட்டு முற்றத்தில் நின்றது ஐயா, அம்மா, என் அண்ணன் தவம், நான், செல்லத்துரை அண்ணை. ஐந்து பேர்.

செல்லத்துரை அண்ணை இன்று விடிய மோசம் போய்விட்டார் என்று மெசேஜ் வந்தது... அந்த ஐந்து பேரில் இனி உயிரோடு நான் ஒருத்திதான்.

துவக்குகளின் இரும்பில் பூவேலை வெட்டுகிறவர் அவர். ஐயாவின் வேட்டைத் துவக்குக்கும் அவர்தான். முதலில் துவக்கைக் கடதாசியில் கிடத்தி, பென்சிலால் சுற்றிக் கீறுவார். அந்த அளவுக்குள்தான் கொடி, பூ, மான் எல்லாம்.

ஒரு பக்கத்து மானை மற்றப் பக்கத்துக்குத் திருப்பிக் கீறுவார். இரண்டு மானும் குழல்வாய்ப் பக்கம்தான் ஓட வேண்டும். "சுடுறவனிட்டையே ஓடிவாற மானை எங்கையும் கண்டனீரோ தங்கச்சி?" என்பார்.

ஐயா அந்தக் கடதாசியை பிரேம் போட்டுச் சுவரில் மாட்டினார்.

பிறகு ஆமிக்காரர் வீட்டுத் துவக்குகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். ஐயா துவக்கோடு சைக்கிளில் போனார், வெறுங்கையோடு வந்தார். "குடுத்திட்டன்" என்றார். நம்பினோம்.

சோதனைக்கு வந்தவர்கள் சுவரில் படத்தைக் கண்டார்கள். துவக்கின் அதே அளவு, அதே வடிவம். ஒப்படைத்த ரசீது எங்கே என்று கேட்டார்கள். ஐயாவிடம் இல்லை.

தவத்தின் கையைக் கட்டினார்கள். துவக்கைத் தந்தால் விடுவோம் என்றார்கள்.

சும்மா கதைக்க வந்திருந்த செல்லத்துரை அண்ணைதான் முன்னுக்குப் போனார். "சேர், இது நான் கீறின படம். வெறும் கடதாசி. பெடியனை விடுங்கோ."

அவருடைய வலது கையைப் படியில் வைத்து அடித்தார்கள்... அதற்குப் பிறகு அந்த விரல்கள் பென்சில் பிடிக்கவில்லை.

அம்மா ஐயாவின் காலில் விழுந்தா. "இருந்தா எடுத்துக் குடுங்கோவன். பிள்ளையைக் கொண்டுபோகினம்."

ஐயா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தவம் திரும்பி வரவில்லை.

ஐயா செத்த பிறகு பனங்காணிக்கு வேலி போடக் குழி கிண்டினோம். சாக்கில் சுற்றி, கிரீஸ் பூசி... துவக்கு. இரும்பில் ஒரு பொட்டுக் கறளும் ஏறவில்லை.

செல்லத்துரையின் படம்தான் தவத்தைக் கொண்டுபோனது என்று ஊர் இன்றைக்கும் சொல்லும். கொமெண்டில் அப்படி எழுத நினைக்கிறவர்கள் என் வீட்டுப் படியும் ஏற வேண்டாம்.

போய்வாருங்கள் அண்ணை. உங்களில் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

நான் மன்னிக்காத ஆள் ஒருவர்தான். எங்கள் ஐயா, கதிரவேலு.